தோல்காரர் வாசலின் நான்காம் சாட்சி

எங்கள் மொர்வால் ஊரில் கிலேன் உபோ வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். அவள் இடுப்பு வாரில் ஒன்பது சாவிகள் தொங்கின. கோயில் மணிக்கூண்டுக்கு இரண்டு, பழைய சலவைத் துறைக்கு ஒன்று, தானியச் சந்தை மண்டபத்துக்கு மூன்று, தோல்காரர் வாசலுக்கு மூன்று. யாரும் கை வைக்கக்கூடாது என்று அரசாங்கம் நீல வெள்ளைத் தகடு அடித்த எல்லாவற்றுக்கும் சாவி அவளிடம்தான் இருந்தது. சாவி இல்லாத ஒன்றும் அந்தப் பட்டியலில் உண்டு: திடலில் நிற்கும் கிழட்டு லிண்டன் மரம். மரத்தில் ஒரு கிளையை வெட்டவும் மூன்று காகிதம் கேட்கிற ஊர் எங்களுடையது. வெட்டாத கிளை எவர் தலையில் விழுந்தாலும் அதற்கு ஒரு காகிதமும் வேண்டாம்.

அவள் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. பதினாறு வயதில் சலவைக்கடை வேலை, கடை மூடியதும் நகராட்சியில் பெருக்கும் வேலை. முந்தைய சாவிக்காரர் ஓய்வு பெற்ற அன்று மேயர் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் துடைப்பத்தோடு நின்றவள் இவள்தான். சாவிக்கொத்து அவள் கைக்கு வந்தது.

வந்த முதல் மாதமே வாங்கிக் கட்டிக்கொண்டாள். வாசலின் நெற்றியில் ஆண்டு பொறித்த கல்லில் பாசி படிந்திருந்தது. அழுக்கைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத பிறவி அவள். சோடாவைக் கரைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கல்லைப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். பாசியோடு ஓர் எழுத்தும் போயிற்று. தொல்சின்ன அலுவலகத்திலிருந்து வந்த மனிதர் சந்தை நாளில், ஊரே பார்க்க அவளை நிறுத்தி வைத்துத் திட்டினார்.

“நானூறு வருஷம் மழை செய்யாததை நீங்க ஒரு மத்தியானத்துல செஞ்சுட்டீங்க, மதாம். இனிமே ஒரு கல்லைத் தொடணும்னா எங்ககிட்டேருந்து காகிதம் வரணும். புரியுதா?”

புரிந்தது. அதற்குப் பிறகு அந்த வாசலில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் வேர் அதுதான் என்பேன்.

தோல்காரர் வாசல் பழைய மதிலில் மிஞ்சிய ஒரே வாயில். பன்னிரண்டு தப்படி நீளத்துக்கு வளைந்த கல் கூரை, அதன் தலையில் இரண்டு அடுக்குக் கற்சுவர். ஒரு பக்கம் தெரு. மறுபக்கம் மேட்டு மண் அதன் தோளில் சாய்ந்து கிடக்கிறது. கூரையின் உட்புறம் ஐந்து விரிசல்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் அந்த ஐந்தின் குறுக்கேயும் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டர் பட்டை பூசி, ஆணியால் எண்ணும் தேதியும் கீறி வைத்தார்கள். சுவர் அசைந்தால் பட்டை வெடிக்கும். கொத்தனார்கள் அதற்குச் சாட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். திங்கள்தோறும் கிலேன் ஏணி போட்டு ஏறி, ஐந்து சாட்சிகளையும் பார்த்து, நோட்டில் ‘முழுசு’ என்று ஐந்து தடவை எழுதுவாள்.

எழுபத்து ஒன்பதில், குளிர்காலம் முழுவதும் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, நான்காம் சாட்சி குறுக்கே வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுவர் ஞாபகத்துக்கு வரவில்லை. ஏணிதான் வந்தது. போன வாரம் ஏணியை எடுக்கும்போது டக்கென்று எதிலோ இடித்தது. அதேதான், நான்தான் உடைத்துவிட்டேன் என்று உறைந்துபோனாள். அந்த மனிதர் மறுபடி வருவார், சந்தை நாளில் வருவார். வீட்டுக்கு ஓடி, கணவன் சமையலறைச் சுவருக்காக வாங்கி வைத்திருந்த பிளாஸ்டரைச் சூப் கிண்ணத்தில் கலக்கி எடுத்துவந்தாள். வெடித்ததைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசி, ஆணியால் பழைய எண்ணையும் பழைய தேதியையும் அச்சுப் பிசகாமல் கீறினாள். நோட்டில் ‘முழுசு’ என்று எழுதினாள்.

எண்பத்து இரண்டில் அது மறுபடியும் வெடித்தது. இந்தத் தடவை, கலவை சரியில்லை, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் பூசினாள், ‘முழுசு’ என்று எழுதினாள். அந்த வருடமும் மழை அதிகம்தான். அதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

அவள் கணவன் ஃபிர்மின் கல்லுடைக்கும் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான், ஒரே ஒரு ஆசை. மே மாதம் மூன்றாம் ஞாயிறு எங்கள் ஊரில் புனித ரோக்கின் சிலையை ஊர்வலமாக எடுப்போம். நெப்போலியன் காலத்துச் சீருடையில் நூற்று நாற்பது பேர் டிரம்மும் குழலுமாக, நீளத் துப்பாக்கிகளில் கருமருந்து கெட்டித்துக்கொண்டு புனிதருக்குக் காவல் போவார்கள். வாசலின் கூரைக்கடியில் மொத்தப் படையும் நின்று மூன்று வேட்டு போடும். முதலாவது புனிதருக்கு, இரண்டாவது செத்துப்போன தோழர்களுக்கு, மூன்றாவது குதிரைமேல் இருக்கும் மேஜருக்கு. அந்தக் கூரைக்கடியில் வேட்டு எழுப்பும் சத்தத்தை நெஞ்செலும்பில் வாங்கியவன்தான் மொர்வால்காரன் என்று இங்கே பேச்சு. அந்த மூன்றாவது வேட்டைத் தன் பெயருக்குக் கேட்க ஃபிர்மின் இருபத்தாறு வருடம் காத்திருந்தான்.

மேஜர் பதவி கேட்பவன் பிப்ரவரியில் எல்லார் முன்னாலும் ஒரு கிளாஸ் குடித்து, அதைத் தரையில் அடித்து உடைக்க வேண்டும். உடைத்தால் வாக்கு கொடுத்ததாக அர்த்தம். சாகக் கிடந்தாலும் அணிவகுப்பில் நிற்க வேண்டும், பின்வாங்கியவனுக்கு அப்புறம் எந்த மதுக்கடையிலும் எவனும் ஊற்றமாட்டான். எண்பத்து ஐந்து பிப்ரவரியில் கலிஸ்த்தின் கடையில் ஃபிர்மின் கிளாஸை உடைத்தான். கலிஸ்த், மதுக்கடைக்காரன், ஊர்வலத்தின் கோடாரிப் படையில் ஒட்டுத்தாடியோடு நடப்பவன், வாய்த்துடுக்குக்காரன்.

“பாத்துடா ஃபிர்மின், குதிரை ஏறத் தெரியுமா? குவாரி வண்டியில கல்லு மாதிரி உக்காந்திருக்கக்கூடாது!”

“உன் பெண்டாட்டிய விட அந்தக் குதிரை சாதுதான். சமாளிச்சுக்குவேன்.”

கடை குலுங்கச் சிரித்தது. கிலேனும் சிரித்தாள். கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கப் போனவளைப் பெண்கள் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

ஏப்ரல் முதல் திங்களன்று நான்காம் சாட்சி மூன்றாவது தடவையாக வெடித்திருந்தது.

இந்த முறை அவள் ஏணியை அசைக்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நடந்தவள் அவள். பூச்சும் அவசரப் பூச்சு இல்லை, பொடியை எடை போட்டுக் கலக்கியது. இனித் தன் கையைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஏணி உச்சியில் நின்றபடியே அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தினமும் காலையில் வாசலடியில் கிடக்கும் மணல் போன்ற தூசி. அதை அவள்தானே தினமும் பெருக்கி அள்ளிக் கொட்டினாள்? வாசலுக்கு மேலே உள்ள அறையின் கதவு சட்டத்தில் இடிக்கிறதென்று ஃபிர்மினைக் கூட்டிவந்து இழைக்கச் சொன்னாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கதவு ஊதியதாக நினைத்தார்கள். கதவு அப்படியேதான் இருந்தது, சட்டம் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே கூடு கட்டியிருந்த காக்கைகள் போன இலையுதிர்காலத்தில் போனவை இன்னும் திரும்பவில்லை.  கீழே இறங்கி, படியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

இந்த முறை பூசவில்லை. நோட்டில், ‘நான்கு: வெடிப்பு’ என்று எழுதி மேயரிடம் கொடுத்தாள். ஒரு வாரத்தில் தொல்சின்ன அலுவலகத்தின் கட்டடக் கலைஞர் மொசியோ தெல்கோர் குடையோடு வந்தார். பழைய ஆள் இல்லை, சிரித்த முகம். ஏணியில் ஏறி வெடிப்பில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார். இறங்கி, பதினொரு வருடத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். முழுசு, முழுசு, முழுசு.

“பதினோரு வருஷத்துல அரை மில்லிமீட்டர். மதாம், என் முட்டியே இதைவிட அதிகமா அசைஞ்சிருக்கு!”

“அப்ப அணிவகுப்பு?” என்றார் மேயர்.

“தாராளமா நடத்துங்க. வேட்டும் போடுங்க.” அவர் கிலேன் பக்கம் திரும்பினார். “இவ்வளவு ஒழுங்கா ஒரு நோட்டை எந்த ஊர்லயும் நான் பாத்ததில்லை. உங்களை மாதிரி ஆள் இருந்தா எங்க வேலை சுலபம்.”

இங்கேதான் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அரை மில்லிமீட்டர் பதினொரு வருடத்தில் இல்லை ஐயா, மூன்று வருடத்தில், அதற்கு முன் இரண்டு தடவை நானே மறைத்தேன் என்று சொல்லியிருந்தால் போதும், தடுப்புக் கட்டையை அன்றே போட்டிருப்பார்கள். பாராட்டு வந்த வாயிடம் திட்டு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. நன்றி மொசியோ என்று சொல்லிவிட்டு, வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு நின்றாள்.

மறுநாள் காலை, காப்பிக்கும் பேரிக்காய்ப் பாகு தடவிய ரொட்டிக்கும் நடுவில் ஃபிர்மினிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“எத்தனை தடவ பூசின?”

“ரெண்டு. இது மூணாவது வெடிப்பு.”

“தெல்கோருக்குச் சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்ற?”

“நீதானே அதுக்குக் கீழ நிக்கப்போற?”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “கிளாஸ உடைச்சுட்டேன், கிலேன். இருபத்தாறு வருஷம். அஞ்சே நிமிஷம் அந்த வளைவுக்கு அடியில. அது வருஷா வருஷம் தாங்குது, இந்த வருஷமும் தாங்கும். இதப்பத்தி இனிமே பேச்சே வேண்டாம்.”

அதன்பின் அவள் ஐந்து வாரம் தினமும் ஏணி ஏறினாள். முதல் வாரம் வெடிப்பில் விரல் நகம் நுழையவில்லை. நான்காம் வாரம் நுழைந்தது. பெருக்கிய தூசியை இப்போது கொட்டவில்லை, ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவில் சேர்த்தாள். டப்பா நிரம்பியது. வீட்டில் ஃபிர்மின் மேஜரின் நீலக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான்களைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

அணிவகுப்பு நாள் வெயில் நன்றாக அடித்தது. சன்னலுக்குச் சன்னல் கொடி. அடுப்பில் சர்க்கரைத் தார்த்து அப்பம் வேகும் வாசனை தெருவெங்கும். டிரம் சத்தம் மேல் தெருவிலிருந்து இறங்கி வந்தபோது கிலேன் ஞாயிற்றுக்கிழமை உடையில், சாவிக்கொத்தோடு, கூரையின் நடுவில் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. சாவிக்காரி, ஏதோ வேலை என்று நினைத்தார்கள்.

ஃபிர்மின் பழுப்புக் குதிரைமேல், இறகு வைத்த தொப்பியோடு முன்னால் வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

“தள்ளு கிலேன்.”

“திரும்பிப் போ ஃபிர்மின். கீழ்த் தெரு வழியா போ.”

பின்னால் கோடாரியோடு நின்ற கலிஸ்த் குரல் கொடுத்தான். “மேஜர், வீட்டுல உத்தரவு வாங்காம வந்துட்டீங்களா? சூப் ஆறுதாம், கூப்பிட வந்திருக்காங்க!”

படை சிரித்தது. மேயர் மூச்சு வாங்க முன்னால் ஓடிவந்தார். “மதாம் உபோ, என்ன கூத்து இது? கட்டடக் கலைஞரே சரின்னு எழுதிக் குடுத்துட்டார். உங்க நோட்டைப் பாத்துத்தான் குடுத்தார்!”

“அந்த நோட்டு பொய்.” அவள் குரல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. எல்லாருக்கும் கேட்டது. “நாலாவது சாட்சி முன்னாடியே ரெண்டு தடவ வெடிச்சுது. நான்தான் பூசி மறைச்சேன். பழைய தேதியை நான்தான் எழுதினேன். இந்தச் சுவரு ஆறு வருஷமா நகருது. இங்க வேட்டு போட்டா யாரு உயிருக்கும் நான் பொறுப்பில்ல.”

டிரம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. குழந்தைகளைப் பெண்கள் பின்னால் இழுத்தார்கள். மேயருக்கு முகம் சிவந்துவிட்டது. “பைத்தியமா உங்களுக்கு? மேஜர், உங்க மனைவியைக் கூட்டிட்டுப் போங்க, நாங்க வேற ஆளை...”

“மேல் ரூம் கதவ மூணு தரம் இழைச்சவன் நான்,” என்றான் ஃபிர்மின். மேயரைப் பார்த்துச் சொல்லவில்லை, குதிரையின் பிடரியைப் பார்த்துச் சொன்னான். பிறகு வாளை உயர்த்தி, குரல் உடைய, படையை இடது பக்கம் திருப்பினான்.

அந்த வருடம் மூன்று வேட்டையும் ஆற்றங்கரைப் புல்வெளியில் போட்டார்கள். சத்தம் தண்ணீர்மேல் போய்க் கரைந்தது. கலிஸ்த் அதை இருமல் என்றான்.

அன்று மாலை ஊரே நின்று வாசலைப் பார்த்தது. வாசல் விழவில்லை. திங்கள் விழவில்லை. அடுத்த ஞாயிறும் விழவில்லை. கல்லைக் கட்டிப்போட்டது யார் என்று தெரியவில்லை, அது பாட்டுக்கு நின்றது. மரத்தடுப்பு அடித்தார்கள், மேட்டுப் பக்கம் இரண்டு முட்டுக்கட்டை கொடுத்தார்கள், தெருவை மூடினார்கள். ரொட்டிக் கடைக்குப் போக எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நடந்த ஒவ்வொரு எட்டுக்கும் கிலேனைத் திட்டினார்கள். நோட்டில் பொய் எழுதியதற்காக நகராட்சி சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டது, அவள் மீண்டும் பெருக்கும் வேலைக்குப் போனாள். ஃபிர்மினின் தங்கை லெயோனா, பக்கத்துத் தெருக்காரி, தெருவில் எதிரே பட்டால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவள் முன்பு எல்லா ஞாயிறும் இவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டவள்.

“உங்க சுவரு விழுந்துச்சா, மதாம் கிலேன்?”

காலை வணக்கத்துக்குப் பதில் இது. இறைச்சிக் கடையில், தபால் நிலையத்தில், கோயில் வாசலில். முதலில் அவள் பதில் சொல்வாள், மழை வரட்டும் என்பாள். பிறகு தலையைக் குனிந்துகொள்ளப் பழகினாள். மூன்றாம் வருடம் அவளுக்குள் ஒன்று நடந்தது. கோயிலில் முழங்காலிட்டிருக்கும்போது, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த வாசல் விழட்டும் என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். நானூறு வருடம் நின்றதை விழச்சொல்லி வேண்டுகிறவள் அவள்! வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டபடியே அடுத்த வாரமும் வேண்டினாள்.

ஃபிர்மின் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கலிஸ்த்தின் கடைக்குப் போவான், தன் பீரைத் தானே வாங்கி, தானே ஊற்றி, சன்னல் ஓரம் குடித்துவிட்டு வருவான். யாரும் அவன் கிளாஸில் ஊற்றவில்லை. அவன் பின்வாங்கவில்லை, சுற்றுவழியாக நடந்தான், அவ்வளவுதான். இருந்தும் ஊர் அதைப் பின்வாங்கியதாகவே எழுதிக்கொண்டது.

ஐந்தாம் வருடம் புதுப் பொறியாளர் ஒருவர் வந்தார். பித்தளை அளவுகோல் ஒன்றை நான்காம் விரிசலில் பொருத்தி, ஒரு முழு வருடம் பார்த்தார். முள் அசையவேயில்லை. சுவர் அடங்கிவிட்டது, முட்டுக்கட்டையையும் தடுப்பையும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஊருக்குக் கொண்டாட்டம். பிப்ரவரியில் கலிஸ்த் தானே வீடு தேடி வந்து, வாசற்படியிலேயே தொப்பியைக் கழற்றினான்.

“ஃபிர்மின், பழசெல்லாம் விடு. வாசல் திறக்குது. நீ கேக்காத உன் வேட்டு பாக்கியிருக்கு. வந்து கிளாஸ உடை.”

ஃபிர்மினுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. கோட்டைக்கூட எடுக்காமல் அவனோடு இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் கிளாஸை ஏழு பேர் நிரப்பியிருந்தார்கள்.

கிலேன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “அளந்த வருஷம் மழையே பெய்யல, ஃபிர்மின். ஆத்துல கல்லு தெரிஞ்சுது. போன அக்டோபர்லேருந்து மழை நிக்கல. அது மழைக்குத்தான் நகரும்.”

“தெரியும்.”

“பொறியாளருக்குத் தெரியுமா?”

“சொன்னேன். சிரிச்சாரு.” அவன் உட்கார்ந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தான். “எல்லாரும் ஒண்ணு கேக்கறாங்க. நீயும் வரணுமாம். குதிரைக்குப் பக்கத்துல, வளைவுக்கு அடியில நிக்கணுமாம். அதோட எல்லாம் தீந்துரும்னு கலிஸ்த் சொல்றான். லெயோனா சாப்பாட்டுக்கு வராளாம்.”

“நீ என்ன சொன்ன?”

“நீ வருவேன்னு சொன்னேன்.”

மே மாதம் மூன்றாம் ஞாயிறு வரை அவள் மேயரிடம் ஒரு தடவை, புதுச் சாவிக்காரனிடம் ஒரு தடவை, பாதிரியாரிடம் ஒரு தடவை சொன்னாள். மேயர் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். சாவிக்காரன் கதவு இடிக்கிறது என்று ஒப்புக்கொண்டான், எண்ணெய் போட்டிருப்பதாகச் சொன்னான். பாதிரியார் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். ஒரு தடவை ஊரை நிறுத்தக் குரல் இருந்தவளுக்கு இரண்டாவது தடவை குரல் கிடைக்கவில்லை. பொய் நோட்டு எழுதியவள் என்று ஒருமுறை தானே சொன்னவளை, அப்புறம் எந்த உண்மைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

அன்றைக்கும் வெயில்தான். மண் மட்டும் மேட்டில் இன்னும் ஈரமாக, கறுத்துக் கிடந்தது. கிலேன் நீல உடை உடுத்திக்கொண்டாள். படை வளைவுக்கடியில் நுழைந்து நின்றது, நூற்று நாற்பது பேரும் நெருக்கியடித்து. அவள் குதிரையின் கழுத்துக்கருகே நின்றாள். மறுமுனையில் கூட்டம் கைதட்டியது. அவளுக்குத்தான் தட்டினார்கள். கூட்டத்தின் முன்வரிசையில் லெயோனா நின்றாள், பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு.

புனிதருக்கு முதல் வேட்டு. காது அடைத்தது, நெஞ்சு அதிர்ந்தது, புகை சூழ்ந்தது. குதிரை காலை மாற்றிப் போட்டது. செத்தவர்களுக்கு இரண்டாவது. இந்தத் தடவை புகையோடு மேலிருந்து வேறொன்றும் இறங்கியது, மெதுவாக, மாவு சலித்த மாதிரி. அவள் கை மேல் விழுந்தது. தேய்த்துப் பார்த்தாள். மணல். ஃபிர்மினின் தொப்பி இறகு வெளுத்திருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். நான்காம் விரிசலிலிருந்து ஒரு கீற்று மணல் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. குவாரியில் நாற்பது வருடம் கல்லைப் பார்த்தவன் அவன், அதற்கு அர்த்தம் அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

பின்னால் கலிஸ்த்தின் குரல் உற்சாகமாகக் கேட்டது. “மூணாவது மேஜருக்கு! கெட்டியா போடுங்கடா!” இரும்புக் கம்பிகள் குழாய்களில் இறங்கின. நூற்று நாற்பது துப்பாக்கியும் உயர்ந்தன. மூன்றாவது வேட்டுக்கு அவன் வாள் உயர வேண்டும், எல்லாம் அதற்காகக் காத்திருந்தன.

ஃபிர்மின் குனிந்து கிலேனைப் பார்த்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவள் ஒரு சொல் சொன்னால் திருப்பிவிடுவான். அது அவளுக்குத் தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன் அதே இடத்தில் அதைச் செய்தவன்தான். மறுபடியும் செய்வான், மறுபடியும் சன்னலோரத்தில் தன் பீரைத் தானே ஊற்றிக் குடிப்பான், சாகும்வரை.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பேத்தியின் கையைப் பிடித்து லெயோனா அவளுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. ஆறு வருடத்தில் முதல் தடவை.

கிலேன் கணவனைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். அவன் வாளை உயர்த்தினான்.